வேலியில்லாத கடலில் நுண்ணுயிர்களின் எல்லைகள்

கடலுக்கு வேலி கிடையாது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் உப்பு குறைந்த நீர் தமிழகக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, அரபிக்கடலின் தென்கிழக்கு மூலை வரை போய்ச் சேர்கிறது. இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீர் ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டி அட்லாண்டிக்குக்குள் நுழைகிறது. இந்த நீரில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. வைரஸ்கள் அதைப்போல் பத்து மடங்கு. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலு எதற்கும் இல்லை. நீர் போகும் இடமெல்லாம் அவையும் போகின்றன.

அப்படியானால் உலகக் கடலின் மேற்பரப்பு முழுவதும் ஒரே கலவையாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அட்லாண்டிக்கில் பெர்முடா தீவுக்கு அருகில் அள்ளிய நீரிலும் பசிபிக்கில் ஹவாய்க்கு அருகில் அள்ளிய நீரிலும் ஒரே பெயர் கொண்ட பாக்டீரியாக்கள்தான் கூட்டமாக இருக்கும். அவற்றின் மரபணுக்களைப் படித்தால் மட்டும் எது எந்தக் கடலின் நீர் என்று சொல்லிவிடலாம். இந்த முரண் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்வதில்தான் கடந்த நாற்பது ஆண்டுக் கடல் நுண்ணுயிரியலின் பெரும் பகுதி அடங்கியிருக்கிறது.

1934-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ் பெக்கிங் என்ற அறிவியலாளர் ஒரு விதியைச் சொன்னார்: நுண்ணுயிர்கள் எல்லாம் எல்லா இடத்திலும் இருக்கின்றன, எது தழைக்கும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. யானைக்கும் மூங்கிலுக்கும் வாழிடம் என்று ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்கு அது கிடையாது, ஏற்ற சூழல் மட்டுமே உண்டு என்பது இதன் பொருள். இந்த விதியைச் சோதித்துப் பார்க்கும் கருவி அன்று யாரிடமும் இல்லை. கடல்நீரை ஊட்டத் தட்டில் பூசி முளைப்பதை எண்ணுவதுதான் வழக்கம். நீரில் உள்ள செல்களில் நூற்றில் ஒன்றுகூட அப்படி முளைக்காது. 1970-களில் ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணத் தொடங்கியபோதுதான், தட்டில் தெரிந்தது எவ்வளவு சொற்பம் என்பது புரிந்தது. ஆனால் சாயம் ஏறிய புள்ளிகளைப் பார்த்து எது எந்த இனம் என்று சொல்ல முடியவில்லை. எண்ணிக்கை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

பெயர் வேறொரு வழியில் வந்தது. 1990-இல் ஸ்டீபன் ஜியோவனோனியும் அவருடைய குழுவினரும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல்நீரிலிருந்து எதையும் வளர்க்காமல் நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்து, எல்லா உயிரிலும் இருந்து இன அடையாளமாக உதவும் ரைபோசோம் மரபணுவைப் படித்தார்கள். அதில் அதுவரை யாரும் அறியாத ஒரு கிளை வெளிப்பட்டது. சார்-11 என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதைச் சோதனைச்சாலையில் வளர்த்தெடுக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊட்டம் மிகுந்த தட்டில் அல்ல, கிருமி நீக்கிய வெறும் கடல்நீரிலேயே அது வளர்ந்தது. மேற்பரப்புக் கடல்நீரில் உள்ள பாக்டீரிய செல்களில் சுமார் நான்கில் ஒன்று இந்தக் கிளையைச் சேர்ந்தது என்று இன்று மதிப்பிடுகிறார்கள். அதன் மரபணுத் தொகுதி மொத்தமே 13 லட்சம் எழுத்துகள்தான். நம் குடலில் வாழும் ஈ. கோலைக்கு 46 லட்சம். இல்லாமல் வாழக்கூடிய எதையும் அது சுமப்பதில்லை. இந்தச் சிக்கனம் கட்டுரையின் இறுதியில் மறுபடியும் வேறு பொருளோடு வரும்.

ஒரு பெயருக்குள் பல குடிகள்

சார்-11 கடலில் கரைந்திருக்கும் கரிமப் பொருளைத் தின்று வாழ்கிறது. அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் புரோகுளோரோகாக்கஸ். நுண்ணுயிர்களின் பரவலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆசான் இல்லை என்பது என் கருத்து. ஏனென்றால் இதன் கதையில்தான் பாஸ் பெக்கிங்கின் விதி படிப்படியாக உடைவதையும், வேறு உருவில் மீள்வதையும் பார்க்கலாம்.

1980-களின் நடுவில் சாலி சிசோமும் ராபர்ட் ஓல்சனும், மருத்துவச் சோதனைச்சாலைகளில் ரத்த அணுக்களை எண்ணப் பயன்பட்ட லேசர் கருவியைக் கப்பலில் ஏற்றிக் கடல்நீரை அதன் வழியே செலுத்தினார்கள். கருவியின் இரைச்சலோடு இரைச்சலாக மங்கலான சிவப்பு மின்னல்கள் தெரிந்தன. மின்னணுக் கோளாறு என்று ஒதுக்கிவிடத்தக்க அளவுக்கு அவை சிறியவை. ஆனால் ஆழம் கூடக் கூட அந்த மின்னல்கள் ஒழுங்காகப் பிரகாசம் கூடின. கோளாறு அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. 1988-இல் புதிய உயிரி என்று அறிவித்தார்கள். குறுக்களவு சுமார் 0.6 மைக்ரோமீட்டர். வடக்கே 40 பாகையிலிருந்து தெற்கே 40 பாகை வரை, ஊட்டம் குறைந்த நீலக்கடல் எங்கும், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்ற கணக்கில் இருக்கிறது. பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரிகளில் எண்ணிக்கையில் இதை மிஞ்சியது எதுவும் இல்லை.

பெயரை வைத்து வரைபடம் போட்டால் பூமியின் நடுவில் ஓர் அகலமான பட்டை விழும். எல்லாக் கடலிலும் ஒன்றே. பாஸ் பெக்கிங் சொன்னது சரி என்று தோன்றும். 2003-இல் இரண்டு வகைகளின் முழு மரபணுத் தொகுதிகள் வெளியானபோது இந்தப் படம் கலைந்தது. ஒன்று மத்தியதரைக் கடலின் மேற்பரப்பு நீரிலிருந்து வந்தது. 17 லட்சம் எழுத்துகளுக்குள் அடங்கியது. மற்றொன்று அட்லாண்டிக்கில் வளைகுடா நீரோட்டத்தின் ஆழத்திலிருந்து வந்தது. 24 லட்சம் எழுத்துகள். ரைபோசோம் மரபணுவை மட்டும் ஒப்பிட்டால் இரண்டுக்கும் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடுதான்; ஒரே இனம் என்று சொல்லிவிடும் அளவு நெருக்கம். ஆனால் ஒன்று கடும் வெயிலில் வாழத் தகவமைந்தது, மற்றது மங்கிய ஒளியில். மேல்நீரில் ஒன்று, கீழ்நீரில் ஒன்று என்று ஒரே இடத்தில் மாடி பிரித்துக்கொண்டு வாழ்கின்றன.

மேல்மாடியிலும் ஒரே குடி இல்லை. 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, அட்லாண்டிக்கில் வடக்கு தெற்காகக் கப்பலில் போய், வழியெங்கும் நீர் எடுத்து, வெயில் விரும்பும் வகைகளைத் தனித்தனியாக எண்ணியது. நடுக்கோட்டை ஒட்டிய சூடான நீரில் ஒரு வகை ஆட்சி செய்தது. வடக்கிலும் தெற்கிலும் நீர் குளிரத் தொடங்கியதும் அது தேய்ந்து, இன்னொரு வகை அதன் இடத்தைப் பிடித்தது. சோதனைச்சாலையில் இரண்டையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்தபோது, எது எங்கே வளர்கிறதோ அதே கணக்கு அங்கும் வந்தது. எல்லையை வரைந்தது தூரம் அல்ல, வெப்பம். வடக்கில் இருந்த குளிர்நீர்க் குடியும் தெற்கில் இருந்த குளிர்நீர்க் குடியும் ஒரே குடி. நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர் சூடான நீர்.

நெல் என்ற ஒரே பெயருக்குள் உப்பு நிலத்தில் நிற்கும் பொக்காளியும் இருக்கிறது, மழை நம்பிய மேட்டுநிலத்து நெல்லும் இருக்கிறது. நெல் எங்கும் விளைகிறது என்று சொல்வது உண்மைதான். எந்த விதையையும் எங்கும் போடலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. புரோகுளோரோகாக்கஸ் விஷயத்திலும் அப்படித்தான்.

இனி ஹவாய்க்கும் பெர்முடாவுக்கும் வருவோம். 1988 முதல் இரண்டு இடங்களிலும் மாதந்தோறும் கப்பல் போய் நீர் எடுத்து வருகிறார்கள். இரண்டும் வெப்பமண்டலத்தை ஒட்டிய, ஊட்டம் குறைந்த நீலக்கடல். சூடான நீர்க் குடிதான் இரண்டிலும் அதிகம். ஆனால் பெர்முடா பக்கத்துச் செல்களில் பாஸ்பரஸைத் துரத்திப் பிடிக்கும் மரபணுக்கள் ஏராளம். ஹவாய்ப் பக்கத்துச் செல்களில் குறைவு. காரணம் சகாரா பாலைவனத்திலிருந்து தொடங்குகிறது. காற்றில் வரும் சகாரா தூசி வட அட்லாண்டிக்கில் இரும்பைக் கொட்டுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் நுண்ணுயிர்களுக்கு இரும்பு மிகவும் தேவை. அது கிடைத்ததும் அவை பெருகுகின்றன. நைட்ரஜன் தட்டுப்பாடு தளர்ந்ததும் எல்லோரும் பாஸ்பரஸை உறிஞ்சித் தீர்க்கிறார்கள். அங்கே வாழும் புரோகுளோரோகாக்கஸ் பாஸ்பரஸ் பஞ்சத்துக்கான கருவிகளோடு இருந்தால்தான் பிழைக்கும். ஒரு கண்டத்து மணல் இன்னொரு கடலின் பாக்டீரியாவுக்குள் மரபணுவாகப் பதிந்திருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் வியக்கவைத்தது இதுதான்.

இதற்கு நேர்மாறான பஞ்சமும் உண்டு. பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன, இரும்பு இல்லை. அங்கே வேறொரு குடி வாழ்கிறது. இரும்பைக் கொண்டு செய்ய வேண்டிய பல புரதங்களைக் கைவிட்டுவிட்ட குடி அது.

வெப்பமா, நீரோட்டமா

ஒரு பாக்டீரியாவின் கதையை வைத்துக் கடல் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது. எல்லா உயிர்களையும் சேர்த்துப் பார்க்க 2009-இல் பிரான்ஸின் லோரியான் துறைமுகத்திலிருந்து தாரா என்ற 36 மீட்டர் பாய்மரக் கப்பல் புறப்பட்டது. 2013 வரை, ஆர்க்டிக் உட்பட, உலகக் கடல்களைச் சுற்றி 210 இடங்களில் நீர் எடுத்தது. வைரஸ் முதல் சிறு விலங்கு வரை அளவுவாரியாக வடிகட்டி, டிஎன்ஏவைப் படித்தார்கள். 2015-இல் முதல் முடிவுகள் வந்தபோது, பாக்டீரியாக்களும் அவற்றைப் போன்ற சிற்றுயிர்களும் மட்டும் 35,000-க்கு மேற்பட்ட இனங்கள், வைரஸ் முதலியவற்றையும் சேர்த்து 4 கோடி மரபணுக்கள் என்று கணக்கு வந்தது. ஒளி படும் மேல்நீரில் எந்தக் கூட்டம் எங்கே இருக்கும் என்பதை மற்ற எதையும்விட நன்றாக முன்கூட்டிச் சொன்னது வெப்பநிலை. இரண்டு இடங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்பது அதற்குப் பிறகுதான்.

இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். கடலில் வெப்பநிலை தனியாக வருவதில்லை. மேல்நீர் சூடானால் அது லேசாகி, கீழே உள்ள குளிர்ந்த நீரின்மேல் மூடிபோல் படுத்துவிடும். கீழிருந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மேலே வர வழியில்லை. எனவே சூடான நீர் என்றால் பெரும்பாலும் பட்டினி நீர். குளிர்ந்த நீர் என்றால் பெரும்பாலும் ஊட்டமுள்ள நீர். செல்லின் நொதிகள்மீது வெப்பம் நேரடியாகச் செய்வது எவ்வளவு, பட்டினி வழியாகச் செய்வது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. புரோகுளோரோகாக்கஸின் இரண்டு குடிகளைச் சோதனைச்சாலையில் வளர்த்துக் காட்டியது அதனால்தான் மதிப்புள்ள வேலை: ஊட்டத்தைச் சமமாக வைத்து வெப்பத்தை மட்டும் மாற்ற அங்கேதான் முடியும்.

அப்படியானால் நீரோட்டத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, இங்கேதான் பாஸ் பெக்கிங்கின் விதியில் இல்லாத மூன்றாவது பகுதி வருகிறது. 2014-இல் வெளியான ஒரு கணினி மாதிரியில், வெப்பம், ஊட்டம் எதையும் வேறுபடுத்தாமல், எந்தச் செல்லுக்கும் எந்த அனுகூலமும் தராமல், உலக நீரோட்டங்களில் நுண்ணுயிர்களை மிதக்கவிட்டு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மரபணுவில் தற்செயலாக நேரும் பிழை மாற்றங்களை மட்டும் சேரவிட்டார்கள். அப்போதும் கடல் மாகாணங்களாகப் பிரிந்தது. நீர் கலப்பதைவிட வேகமாக மரபணுக்கள் மாறுகின்றன என்பதே காரணம். தாராவின் தரவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: இரண்டு இடங்களுக்கு இடையே நீர் பயணப்பட எடுக்கும் காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் இருந்தால், அந்தக் காலம் கூடக் கூட நுண்ணுயிர்க் கூட்டமும் படிப்படியாக மாறுகிறது. நுண்ணுயிர்களின் உலகில் தூரத்தை கிலோமீட்டரில் அளக்கக் கூடாது, மாதங்களில் அளக்க வேண்டும்.

நகரும் நீருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஆப்பிரிக்காவின் தென்முனை நல்ல சாட்சி. இந்தியப் பெருங்கடலிலிருந்து தென்மேற்காக ஓடும் அகுலாஸ் நீரோட்டம் முனையருகே சட்டென்று திரும்பிவிடுகிறது. திரும்பும்போது சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள சூடான சுழல்களை அட்லாண்டிக் பக்கம் கழற்றிவிடுகிறது. தாரா குழு அந்தச் சுழல்களுக்குள் இறங்கி நீர் எடுத்தது. வெப்பமண்டல நீர் திடீரென்று குளிர்காற்றுக்கு அடியில் வருகிறது. மேலே குளிர்ந்த நீர் கீழே அமிழ, கீழிருப்பது மேலே வருகிறது. நைட்ரைட், நைட்ரேட் அளவுகள் மாறுகின்றன. சுழலுக்குள் இருந்த பாக்டீரியாக்களில் நைட்ரைட்டை உள்ளிழுக்கும் மரபணுக்கள் கூடுதலாகத் தெரிந்தன. இந்தியப் பெருங்கடலில் ஏறிய கூட்டம் அப்படியே தென் அட்லாண்டிக்கில் இறங்குவதில்லை. பயணமே ஒரு சல்லடை.

எல்லைகள் இடத்தில் மட்டும் இல்லை, காலத்திலும் இருக்கின்றன. பெர்முடா அருகே கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தினாலும், குளிர்காலக் காற்று நீரைக் கலக்கிவிட்டபின் குளிர்நீர்க் குடி தலைதூக்கும். கோடை முற்றியபின் சூடான நீர்க் குடி பெருகும். ஆண்டுதோறும் இதே ஒழுங்கு. பெருகாத காலத்தில் மற்றொன்று அழிவதில்லை, சொற்பமாகக் காத்திருக்கிறது. இங்கிலாந்துக் கால்வாயில் ஆறு ஆண்டுகளாக எடுத்த நீரில் கண்ட பாக்டீரிய வகைகளில் 95 விழுக்காடு, அதே இடத்தில் ஒரே நாளில் எடுத்த ஒரு மாதிரியை மிக ஆழமாகப் படித்தபோது கிடைத்துவிட்டன. பெரும்பாலானவை எப்போதும் அங்கேயே இருக்கின்றன, விதைநெல் போல. இந்த அளவில் பார்த்தால் பாஸ் பெக்கிங் சொன்னது நிற்கிறது. மொத்தப் பெயர்களை எண்ணினால் எல்லாம் எங்கும். பெருகி நிற்பதை எண்ணினால் ஒவ்வொரு நீருக்கும் ஒரு குடி. மரபணுவின் எழுத்துகளை எண்ணினால் நீர் வந்த வழிகூடத் தெரியும். எந்த அளவுகோலால் அளந்தோம் என்று சொல்லாமல் போடப்படும் எந்த வரைபடத்தையும் நான் நம்பமாட்டேன்.

நம் இரு கடல்கள்

ஒரே அகலாங்கில், ஒரே பருவக்காற்றின் கீழ், நடுவில் ஒரு தீபகற்பம் மட்டும் பிரிக்க, அரபிக்கடலும் வங்கக் கடலும் எவ்வளவு வேறானவை என்பது இந்தப் பின்னணியில் பார்த்தால் தெளிவாகும். தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளில் ஆழத்து நீரை மேலே இழுக்கிறது. குளிர்காலத்தில் வட அரபிக்கடலின் மேல்நீர் குளிர்ந்து அமிழ்ந்து மறுபடியும் ஊட்டத்தைக் கிளறுகிறது. ஊட்டம் வந்த நீரில் புரோகுளோரோகாக்கஸைவிடச் சற்றுப் பெரிய சினக்கோகாக்கஸும், அதைவிடப் பெரிய பாசிகளும் முந்துகின்றன. அங்கே ஒரே ஆண்டுக்குள் நுண்ணுயிர்க் கூட்டம் பல முறை கைமாறுகிறது.

வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் நன்னீரைக் கொட்டுகின்றன. மழையும் அதன்மேல் பெய்கிறது. உப்பு குறைந்த லேசான நீர் மேலே தகடுபோல் பரவிக் கிடக்கிறது. பருவக்காற்று வீசினாலும் அந்தத் தகட்டைக் குத்திக் கீழே உள்ள ஊட்டத்தை எடுப்பது கடினம். இங்கே மூடியாக இருப்பது வெப்பத்தோடு சேர்ந்து உப்புக்குறைவும். புயல் அடிக்கும்போதும் சுழல்கள் உருவாகும்போதும் மட்டும் அங்கங்கே மூடி திறக்கிறது. சில நாட்கள் நீர் பச்சையேறுகிறது. உலக அளவில் வெப்பநிலை முதலிடம் பிடிக்கிறது என்பதற்காக வங்கக் கடலிலும் அதை மட்டும் அளந்தால் போதும் என்று நினைப்பது தவறு. இங்கே உப்பையும் சேர்த்து அளக்காமல் நுண்ணுயிர்க் கூட்டத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

இது ஏன் அவசரமான விஷயம் என்பதை 2025-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கப்பல் ஓட ஓடக் கடல்நீரை உறிஞ்சி, ஒவ்வொரு செல்லையும் லேசரால் அளக்கும் கருவியைக் கொண்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரான்சுவா ரிபலே குழுவினர் பத்தாண்டுக்கு மேலான பயணங்களின் தரவைத் தொகுத்தார்கள். நீர் சூடாகச் சூடாகப் புரோகுளோரோகாக்கஸ் செல்கள் வேகமாகப் பிளந்து பெருகும் என்பதுதான் அதுவரை பெரும்பாலோர் எண்ணம். சூடான கடல் விரிந்தால் அதன் எல்லையும் விரியும் என்று கணித்திருந்தார்கள். தரவு அப்படிச் சொல்லவில்லை. சுமார் 28 டிகிரி செல்சியஸ் வரை வேகம் நன்றாக இருக்கிறது. அதைத் தாண்டினால் சரிகிறது. இந்தக் கணக்கைப் புவி வெப்பமாதல் மாதிரிகளில் போட்டால், நூற்றாண்டின் இறுதிக்குள் வெப்பமண்டலக் கடல்களில் இதன் உற்பத்தி மிதமான வெப்பமாதலில் 17 விழுக்காடும், கடுமையான வெப்பமாதலில் 51 விழுக்காடும் குறையக்கூடும்.

இங்கேதான் அந்தச் சிக்கனம் திரும்ப வருகிறது. நெடுங்காலம் பெரிதாக மாறாத நீரில் வாழ்ந்து, சார்-11-ஐப் போலவே வேண்டாத மரபணுக்களை ஒவ்வொன்றாக உதிர்த்த புரோகுளோரோகாக்கஸ், நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்களையும் அவற்றோடு உதிர்த்திருக்கிறது. மரபணுக்களைக் கூடுதலாக வைத்திருக்கும் சினக்கோகாக்கஸ் சூட்டைத் தாங்கக்கூடும். ஆனால் அதற்கு ஊட்டமும் கூடுதலாக வேண்டும். பட்டினிக் கடலில் அது அதே அளவில் இடத்தை நிரப்புமா என்பது தெரிந்தால்தான், அதைத் தின்னும் நுண்விலங்குகள் முதல் மீன் வரை என்ன ஆகும் என்று பேச முடியும்.

28 டிகிரி என்பது மற்ற பல கடல்களுக்கு எதிர்காலம். வங்கக் கடலின் பெரும்பகுதியில் அது ஏற்கெனவே வழக்கமான வெப்பநிலை. ஏப்ரல், மே மாதங்களில் மேல்நீர் 30 டிகிரியைத் தொடும். வெப்பம் தாங்கும் ஒரு புரோகுளோரோகாக்கஸ் குடி உலகில் எங்காவது ஒளிந்திருந்தால், அதைத் தேட வேண்டிய முதல் இடங்களில் ஒன்று நம் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள நீர். தேடுவதற்குச் செல் எண்ணும் லேசர் கருவியும், டிஎன்ஏ வடிகட்டியும், கோடை, மழை, புயல் என்று எல்லாப் பருவத்திலும் ஒரே இடத்துக்குத் திரும்பிப் போகும் ஒரு கப்பலும் வேண்டும். ஹவாயிலும் பெர்முடாவிலும் அந்த வேலை 1988 முதல் நடக்கிறது.